எட்டு எழுத்துப் பெயர்: ஆர்.டி.எஸ். பிறந்த கதை

கார் ரேடியோவில் எஃப்.எம். போட்டதும் திரையில் நிலையத்தின் பெயர் தெரிகிறதல்லவா? அந்தப் பெயர் பாட்டோடு சேர்ந்தே காற்றில் வருகிறது. இதுதான் ரேடியோ டேட்டா சிஸ்டம், சுருக்கமாக ஆர்.டி.எஸ்.

இதன் முன்னோடி 1974-ல் ஜெர்மனியில் வந்த ஏ.ஆர்.ஐ. போக்குவரத்து அறிவிப்பு வரும்போது கார் ரேடியோவுக்குச் சைகை கொடுப்பது அதன் வேலை. அந்தச் சைகை 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் போனது.

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1984-ல் வெளியிட்ட ஆர்.டி.எஸ். தரமும் அதே 57-ஐத்தான் எடுத்துக்கொண்டது. அப்படியானால் மக்கள் காசு கொடுத்து வாங்கிய பழைய ரேடியோக்கள் என்னாவது? பொறியாளர்கள் புது அலையை 90 டிகிரி தள்ளி வைத்தார்கள். அதன் ஆற்றல் நடுவில் விழாமல் இருபுறமும் விழும்படி குறியீட்டை அமைத்தார்கள். இரண்டும் சண்டையில்லாமல் ஓடின. பி.பி.சி. 1987-ல் ஆர்.டி.எஸ். தொடங்கியது. ஜெர்மனியில் ஏ.ஆர்.ஐ. 2005 வரை இருந்தது.

வேகம் நொடிக்கு 1187.5 பிட் மட்டுமே. அதனால் நிலையத்தின் என்கோடரில் பதிவதெல்லாம் சிக்கனமானவை: அடையாள எண், 8 எழுத்துப் பெயர், அதே நிகழ்ச்சி கிடைக்கும் மற்ற அலைவரிசைகள், போக்குவரத்துச் சைகை. கொஞ்சம்தான் என்றாலும் கவனம் தேவை. இரண்டு நிலையங்கள் ஒரே எண்ணைப் போட்டால், ரேடியோ ஒன்றை மற்றொன்று என்று நம்பித் தாவிவிடும். அறிவிப்பு முடிந்தும் சைகையை நிறுத்தாவிட்டால், பாதியில் நின்ற கேசட் பாட்டு திரும்பாது.

புதியது வர வேண்டுமானால் பழையது குப்பைக்குப் போயே ஆக வேண்டும் என்பதில்லை. அதற்கு 57 கிலோஹெர்ட்ஸே சாட்சி.