ஒரு கிலோ இரும்பும் இன்னொரு கிலோ இரும்பும்

ஒரு கிலோ இரும்பு கனமா, ஒரு கிலோ பஞ்சு கனமா என்று சின்ன வயதில் கேட்டு மடக்குவார்களே, பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களிடம் அந்தக் கேள்விக்கு வேறொரு வடிவம் இருக்கிறது. ஒரு கிலோ இரும்பு கனமா, அதே ஒரு கிலோ இரும்பு கனமா? காரில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பார்கள். பிரேக் காலிப்பரைக் கழற்றித் தராசில் வைத்து, இது இத்தனை கிராம், அது இத்தனை கிராம் என்று ராப்பகலாக இவர்கள் மல்லுக்கட்டுவது இதனால்தான். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். ஸ்பானர் பிடித்துச் சம்பாதித்ததில்லை. ஆனாலும் இந்தத் தராசுச் சண்டைக்குப் பின்னால் உள்ள சரித்திரம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

முதலில் காலிப்பர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். சைக்கிள் பிரேக்கை அழுத்தினால் இரண்டு ரப்பர் கட்டைகள் இரு பக்கமும் ரிம்மைக் கவ்வும் அல்லவா? டிஸ்க் பிரேக்கும் அதேதான். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு இரும்புத் தட்டு. அதைக் கவ்விப் பிடிக்கும் கிடுக்கிதான் காலிப்பர். அதற்குள் பிஸ்டன், பிஸ்டனுக்கு முன்னால் பேட். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேட்டைத் தள்ளும்.

காரின் எடையில் இரண்டு கணக்கு உண்டு. இஞ்சின், சீட், ஓட்டுகிறவர் எல்லாம் ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும் எடை. டயர், சக்கரம், டிஸ்க், காலிப்பர் ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே. ரோட்டில் ஒரு மேடு வந்தால் கீழே இருப்பவை அத்தனையும் அதன் மேல் ஏறி இறங்கியாக வேண்டும். கீழ்க்கணக்கில் எடை கூடக்கூட, மேட்டில் ஏறிய சக்கரம் சீக்கிரம் இறங்காது. தரையை விட்டு எழும்பும் அந்த நேரத்தில் டயருக்குப் பிடிப்பு கிடையாது. வளைவில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிடிப்பு போனாலும் போனதுதான். அதனால் பந்தயக்காரன் மேல்கணக்கில் பத்து கிலோ கூடினால் முகம் சுளிப்பான், கீழ்க்கணக்கில் இரண்டு கிலோ கூடினால் தூக்கம் வராது.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

டிஸ்க் பிரேக்குக்கு 1902லேயே பர்மிங்ஹாமில் பிரெடரிக் லான்செஸ்டர் காப்புரிமை வாங்கிவிட்டார். அப்போது பேட் செய்ய நல்ல பொருள் கிடையாது. அவர் செம்பை வைத்தார். இரும்புத் தட்டில் செம்பு உரசினால் என்ன சத்தம் வரும் என்று நினைத்துப் பாருங்கள்! யோசனை அப்படியே படுத்துவிட்டது. 1949ல் அமெரிக்காவில் கிராஸ்லி என்ற சின்னக் கார்க் கம்பெனி டிஸ்க் பிரேக் போட்டு விற்றது. குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு பிரேக்கை அரித்து இறுக்கிவிட, மறு வருடமே பழைய டிரம்முக்குத் திரும்பிவிட்டார்கள்.

டிரம் பிரேக்கில் என்ன கோளாறு என்றால், அது சூட்டைத் தாங்காது. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 200 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு தடவை நின்றால், அந்த ஓட்டம் முழுக்கச் சூடாக மாறுகிறது. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. டிரம்முக்குள் இது அடைபட்டுக்கொள்ளும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும், மிதிக்க மிதிக்கப் பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். டிஸ்க் காற்றில் திறந்து கிடப்பது, விரிந்தாலும் பேட்டை நோக்கித்தான் விரியும்.

இதைப் பந்தயத்தில் நிரூபித்தவர்கள் ஜாகுவாரும் டன்லப்பும். நம் ஆட்களுக்கு டன்லப் என்றால் டயர்தான், அம்பத்தூர்க்காரர்களுக்குத் தொழிற்சாலை. இங்கே கொல்கத்தாவில் அது ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர் :-) அந்த நாளில் டன்லப் விமானங்களுக்கு டிஸ்க் பிரேக் செய்துகொண்டிருந்தது. விமானம் ஒரு தடவை இறங்கி நின்றால் போதும், பிறகு ஆற நேரம் உண்டு. காருக்கு ஒவ்வொரு வளைவிலும் மிதிக்க வேண்டும். ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததில், பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் வெறும் காற்றை மிதிப்பது போல ஆனதுதான் பெரிய தலைவலியாக இருந்ததாம். 1952 மில்லே மிக்லியா பந்தயத்தில் ஸ்டிர்லிங் மோஸ் ஓட்ட, டூயிஸ் பக்கத்தில் உட்கார்ந்து போனார். முடிக்க முடியவில்லை, ஆனால் அதற்குக் காரணம் பிரேக் இல்லை. அதே வருடம் ரேம்ஸில் மோஸ் ஜெயித்தார்.

அடுத்தது 1953, லீ மான்ஸ். மூன்று சி-டைப் ஜாகுவார்கள் நான்கு சக்கரத்திலும் டிஸ்க்குடன் இறங்கின. டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஜோடி முதலிடம். மற்ற இரண்டும் இரண்டாவது, நான்காவது. 24 மணி நேரத்தில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, சராசரி வேகம் அந்தப் பந்தயத்தில் முதன்முறையாக மணிக்கு 100 மைலைத் தாண்டியது. (ஜெயித்த இருவரும் முந்தின இரவு முழுக்கக் குடித்துவிட்டு வந்து ஓட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. அணி மேலாளர் லாஃப்டி இங்கிலண்ட் அதைக் கடைசிவரை மறுத்தார். எனக்கு அவர் சொல்வதில்தான் நம்பிக்கை.)

இந்த வெற்றியை எழுதுகிறவர்கள் பலர் எடையைச் சொல்வதில்லை. அந்தக் காலத்து டன்லப் பந்தயப் பிரேக்கில், அடுத்து வந்த டி-டைப்பில் முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜோடி பேட், பின் சக்கரத்துக்கு இரண்டு ஜோடி. அத்தனைக்கும் தனித்தனி பிஸ்டன், உருளை. காலிப்பர் வாமன வடிவம் இல்லை. ஆனால் லீ மான்ஸ் ரோடு வழவழப்பானது, நேர்ப்பாதைகள் நீளமானவை. அங்கே நிற்கும் சக்திக்கு முன்னால் கீழ்க்கணக்கின் இரண்டு மூன்று கிலோ பெரிதில்லை. கட்டாந்தரை போன்ற மில்லே மிக்லியா ரோட்டில் கணக்கு வேறு. தராசுக்காரர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எந்த ரோடு என்று கேட்காமல் கிராம் பேசுவது, எத்தனை வருடத் தவணை என்று கேட்காமல் வட்டி பேசுவது மாதிரி.

எதிர்முகாமில் மெர்சிடிஸ் டிரம்மை விடவில்லை. ஆனால் அதைப் பெரிதாக்கினால் சக்கரம் கனத்துவிடும். அதனால் 300 எஸ்.எல்.ஆர். காரில் டிரம்களைச் சக்கரத்திலிருந்து பிடுங்கி வண்டியின் நடுப்பக்கமாக வைத்து, ஒரு தண்டால் சக்கரத்தோடு இணைத்தார்கள். பிரேக் மொத்தமும் மேல்கணக்குக்குப் போய்விட்டது! 1955 லீ மான்ஸில் கூடுதலாக, சீட்டுக்குப் பின்னால் எழும்பும் ஒரு காற்றுத் தடுப்பும் வைத்தார்கள். அந்த ஜூன் 11ஆம் தேதி நடந்தது எல்லோருக்கும் தெரியும். டிஸ்க் பிரேக் போட்ட டி-டைப்பில் ஹாதார்ன் பிட்டுக்குத் திரும்பப் பிரேக் பிடிக்க, பின்னால் வந்த மேக்லினின் ஆஸ்டின் ஹீலி விலக, அதற்கும் பின்னால் அதிவேகத்தில் வந்த லெவேயின் மெர்சிடிஸ் அதன் மேல் ஏறிக் கூட்டத்துக்குள் பறந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லெவேயும்தான். பிரேக் வித்தியாசம்தான் காரணம் என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹீலியிலும் டிஸ்க்தான் இருந்தது. ரோடு குறுகல், பிட்டுக்கும் பாதைக்கும் நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. ஆனால் ஒரே பாதையில் நிற்கும் தூரம் வெவ்வேறாக உள்ள கார்கள் ஓடுவது எவ்வளவு ஆபத்து என்று அதற்குப் பிறகு யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு சாதாரணக் கார்களுக்கும் டிஸ்க் வந்துவிட்டது. 1955ல் சிட்ரோயன் டி.எஸ்., 1956ல் கர்லிங் பிரேக்குடன் டிரயம்ஃப் டி.ஆர்.3. (இந்த கர்லிங் நமக்கும் தூரத்து உறவு. அது சேர்ந்திருந்த லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ்.ஸும் கூட்டாக 1962ல் தொடங்கியதுதான் பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா.) என்ஸோ ஃபெராரி மட்டும் ரொம்ப நாள் வீம்பு பிடித்தார். 1958 மான்சாவில்தான் ஹாதார்னின் ஃபெராரிக்கு டன்லப் டிஸ்க் வந்தது. அந்த வருடம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் அவர் உலக சாம்பியன்.

மெர்சிடிஸின் தந்திரம் மறையவில்லை. 1961ல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பில் பின் டிஸ்க், காலிப்பர் இரண்டும் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கும். கார் கம்பளம் போல ஓடும். ஆனால் காற்றுப் படாத இடம், சூடு டிஃபரன்ஷியலின் ஆயில் சீலைப் பதம் பார்க்கும். பிரேக் வேலை சரியாகச் செய்ய வேண்டுமென்றால் பின் அச்சுக் கூண்டு மொத்தத்தையும் இறக்க வேண்டும் என்று மெக்கானிக்குகள் இன்றைக்கும் திட்டுகிறார்கள். எடையை மிச்சம் பிடித்த செலவு லேபர் பில்லில் வந்து உட்கார்ந்துவிட்டது.

லோட்டஸின் காலின் சாப்மன் வழி வேறு. 1962ல் வந்த ஈலான் கார் 700 கிலோவுக்கும் குறைவு, ஏறக்குறைய நம் மாருதி 800 மாதிரி. கார் இளைத்தால் பிரேக்குக்கு வேலை குறைவு, வேலை குறைந்தால் டிஸ்க் சின்னது, டிஸ்க் சின்னதானால் காலிப்பரும் சின்னது. விசேஷ உலோகம் எதுவும் வேண்டாம், சாதாரண இரும்புக் காலிப்பரே போதும். ஆயிரத்து இருநூறு கிலோ ஈ-டைப்பின் காலிப்பரையும் ஈலானின் காலிப்பரையும் பக்கத்தில் வைத்து எடை போடுவது, காரை விட்டுவிட்டுக் காலிப்பரை மட்டும் பார்ப்பதாகத்தான் முடியும்.

அதே சாப்மன் பந்தயக் காரில் அத்தோடு நிற்கவில்லை. 1970ல் வந்த லோட்டஸ் 72ல் முன் சக்கரத்தின் பிரேக்கையும் உள்ளே கொண்டுபோனார். பின் சக்கரத்துக்கு இஞ்சினிலிருந்து தண்டு எப்படியும் போகிறது. முன்னால் அப்படி எதுவும் இல்லை, பிரேக்குக்காக மட்டுமே ஒரு தண்டு. அதையும் கனம் குறைய உள்ளே குடைந்தார்கள். ஆஸ்திரியாவில் ஜான் மைல்ஸின் காரில் அந்தத் தண்டு முறிந்தது. அவர் தப்பித்தார். சில வாரம் கழித்து செப்டம்பர் 5, மான்சாவில் தகுதிச் சுற்றுப் பயிற்சியின்போது யோகன் ரிண்ட்டின் கார் பரபோலிகா வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும் இடத்தில் இடப்பக்கம் திரும்பித் தடுப்பில் மோதியது. ரிண்ட்டுக்கு வயது 28. முன் வலது பிரேக் தண்டு முறிந்ததில் விபத்து தொடங்கியது, உயிர் போனது தடுப்பு சரியாகப் பொருத்தப்படாததால் என்று இத்தாலிய நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. இறந்த பிறகு உலக சாம்பியன் ஆனவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். மைல்ஸின் தண்டு முறிந்த அன்றே மற்றக் கார்களை நிறுத்தியிருக்க வேண்டாமா என்று இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

தராசுக்காரர்களின் சொந்த ஊர் என்றால் அது போர்ஷே 911தான். 1964ல் உற்பத்தி தொடங்கியபோது அதற்கு வார்ப்பிரும்புக் காலிப்பர்கள். 911ல் இஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால். அதனால் முன்பக்கம் லேசு, பின்பக்கம் கனம், வளைவில் வால் வீசும். இதற்கு அவர்கள் முதலில் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? முன் பம்பருக்குள் இரண்டு ஓரத்திலும் 11 கிலோ எடைக் கட்டியை ஒளித்து வைத்தார்கள்! ஆக 22 கிலோ. படகில் மணல் மூட்டை போடுவது போல. பிறகு 1969 மாடலில் இரண்டு சக்கரங்களுக்கு இடையேயான தூரத்தை 57 மி.மீ. நீட்டி, பேட்டரியை இரண்டாகப் பிரித்து முன்னால் ஆளுக்கொரு ஓரத்தில் வைத்தார்கள். அதே 1969ல் 911 எஸ் காரின் முன் சக்கரத்துக்கு அலுமினியக் காலிப்பர் வந்தது. அதுதான் இன்று எல்லோரும் தேடி அலையும் 'எஸ்' காலிப்பர்.

யோசித்துப் பாருங்கள். காரின் அதே முன்பக்கத்தில் 22 கிலோவைக் கூட்டிய கம்பெனி, மூன்று நான்கு வருடத்தில் காலிப்பரில் ஒன்றிரண்டு கிலோவைக் குறைக்கச் செலவு செய்கிறது. பம்பரில் உள்ளது மேல்கணக்கு, காலிப்பர் கீழ்க்கணக்கு. இரண்டும் ஒரே அச்சுக்குப் பக்கத்தில் இருந்தாலும் ஒரே பதிவேட்டில் வராது.

அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் ஏறக்குறைய எட்டில் மூன்று பங்குதான். ஆனால் காலிப்பரின் எடை அந்த அளவுக்கு இறங்காது. உள்ளே பிஸ்டன், போல்ட், பேட் எல்லாம் பழைய கனம்தான். தவிர, அலுமினியம் இரும்பைவிட அதிகம் வளைந்து கொடுக்கும். அழுத்தும்போது காலிப்பரின் வாய் விரிந்தால் பெடல் ரப்பர் மாதிரி ஆகிவிடும், அதனால் கொஞ்சம் தடிமனாகச் செய்ய வேண்டும். விரியாத, அலுமினியத்தைவிட லேசான உலோகம் வேண்டுமென்று 1990களில் ஃபார்முலா ஒன்காரர்கள் பெரிலியம் கலந்த அலுமினியத்துக்குப் போனார்கள். விலை யானை விலை, தூசி நுரையீரலுக்கு விஷம். 1998ல் விதி வந்தது: காலிப்பர் அலுமினியமாகத்தான் இருக்க வேண்டும், விறைப்பு 80 கிகாபாஸ்கலைத் தாண்டக்கூடாது. எடைப் பைத்தியத்துக்கு ஒருவர் கடிவாளம் போட்டதில் எனக்கு முழுச் சம்மதம்.

போர்ஷேயோ 1970களின் நடுவில் அதே வடிவத்தில், அதே அளவு பேட்டுடன், வார்ப்பிரும்பிலேயே 'ஏ' காலிப்பர் செய்து சாதாரண 911களில் போட ஆரம்பித்தது. நிற்கும் சக்தி ஒன்றே, விலை குறைவு. இன்று பழைய எஸ் காலிப்பருக்குக் கொட்டும் பணத்தில் வாங்குவது கிலோ கணக்கில்தான், நிற்கும் தூரத்தில் அல்ல. அதோடு அரைநூற்றாண்டு ஆன அலுமினிய வார்ப்பு. சூட்டிலும் உப்பிலும் என்ன பட்டிருக்கிறது என்று பார்க்காமல் மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரோட்டில் ஓட்ட ஏ போதும். சரித்திரப் பந்தயத்தில் ஓட்டுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அந்தந்த வருடக் காரில் எது இருந்ததோ அதுதான் இருக்க வேண்டும் என்று எஃப்.ஐ.ஏ. விதி சொல்கிறது. இரும்போடு பிறந்த கார் இரும்போடுதான் ஓட வேண்டும்.

ஏ காலிப்பருக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து எஸ் என்று யாராவது நீட்டினால், தராசுகூட வேண்டாம். ஒரு காந்தத்தை உடல் பாகத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு.