நூலகர் மாநாடும் அவையில் அமரும் உரிமையும்

முன்னுரை

ஒரு தொழிலைச் சார்ந்தோர் ஓரிடத்திற் கூடித் தம் தொழிலின் நெறிகளை ஆராயும் அவையே மாநாடு எனப்படும். மருத்துவரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் கூடியவாறே நூலகரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கூடத் தொடங்கினர். இம்மாநாடுகளின் வரலாற்றை எழுதுவோர் அங்குப் படிக்கப்பெற்ற கட்டுரைகளையும் நிறைவேறிய தீர்மானங்களையுமே பெரிதும் ஆராய்வர். அவ்வாராய்ச்சி வேண்டுவதே. ஆயினும் அதற்கு முன்னர் எழுப்புதற்குரிய வினா ஒன்று உண்டு. அவ்வவையில் அமர்ந்தோர் யாவர்? அமர இடம் பெறாதோர் யாவர்? இவ்வினாவைத் துணையாகக் கொண்டு அமெரிக்க நூலகர் மாநாடுகளின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

அந்நாட்டை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இரண்டு. நூலகர் தொழில்முறையிற் கூடிய முதல் மாநாடு என்று பொதுவாகக் கருதப்படுவது அங்கு நிகழ்ந்தது. பொதுநூலகம் யாவர்க்கும் உரியது என்னும் கொள்கையை மிகுதியாகப் பரப்பியவருள்ளும் அந்நாட்டார் முன்னிற்பர். அக்கொள்கை அவர்தம் அவைக்குள் எவ்வளவு பின்பற்றப்பட்டது என்பதைக் காணுதல் பயனுடைத்து.

1853-ஆம் ஆண்டு மாநாடு

1853 செப்டம்பர் 15-ஆம் நாள் நியூயார்க்கு நகரப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் நூலகர் கூடினர். மூன்று நாள்கள் அவை நடைபெற்றது. சுமித்சோனியன் நிறுவனத்தின் நூலகராக இருந்த சார்லசு காபின் சூவெட்டு என்பார் தலைமை தாங்கினார். வந்திருந்தோர் எண்பத்திருவர், அனைவரும் ஆடவர். நூலகப் பணியில் அக்காலத்தில் மகளிர் மிகச் சிலரே இருந்தனராதலின், இஃது அவைக்கு அழைத்தோர் வேண்டுமென்றே செய்த விலக்கு என்று நாம் கூறோம். தொழிலின் வாயில் அடைபட்டிருந்தபோது மாநாட்டின் வாயிலைத் தனியே அடைக்கவேண்டிய தேவை இல்லை.

சூவெட்டின் திட்டம் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு நூலின் குறிப்பையும் தனித்தனி அச்சுத் தகடாக வார்த்து வைத்தால், நாட்டின் நூலகங்கள் அனைத்தும் அத்தகடுகளைக் கொண்டே தத்தம் நூற்பட்டியலை அச்சிடலாம் என்றும், நாளடைவில் நாடு முழுமைக்கும் ஒரே பட்டியல் உருவாகும் என்றும் அவர் கருதினார். ஒரு முறை செய்த வேலையைப் பலரும் பயன்கொள்ளுதல் என்னும் இக்கருத்தே பின்னாளைய கூட்டுப் பட்டியல் முயற்சிகட்கெல்லாம் முன்னோடியாகும். ஆனால் அடுத்த ஆண்டிலேயே சூவெட்டு தம் நிறுவனத் தலைவரோடு கருத்து மாறுபட்டுப் பதவி இழக்க நேர்ந்தது. மீண்டும் கூடுவதென்று முடிவு செய்த அவை இருபத்துமூன்று ஆண்டுகள் கூடவேயில்லை. தனி ஒருவரின் ஊக்கத்தைச் சார்ந்து நின்ற முயற்சி அவர் நீங்கியபின் தளர்ந்தது என்க.

1876-ஆம் ஆண்டு மாநாடு

அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பிலடெல்பியா நகரில் பெரியதொரு பொருட்காட்சி நடைபெற்ற ஆண்டு 1876. அவ்வாண்டு அக்டோபர் 4 முதல் 6 வரை, பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்தின் மன்றத்தில் நூலகர் இரண்டாம் முறை கூடினர். இம்முறை வந்தோர் நூற்றுமூவர். அவருள் மகளிர் பதின்மூவர். பாசுடன் பொதுநூலகத்தை நடத்திவந்த சசுடின் வின்சர் தலைவரானார். அமெரிக்க நூலகச் சங்கம் அங்கே தோன்றியது. இருபத்துநான்கு வயதினரான மெல்வில் டூயி முதல் உறுப்பினராகத் தம் பெயரைப் பதிந்துகொண்டார்.

இம்மாநாடு முன்னையது போல மறைந்தொழியாமைக்குக் காரணங்கள் தெளிவானவை. சங்கம் என்னும் நிலையான அமைப்பு உண்டாயிற்று. அவ்வாண்டே நூலகத் திங்களிதழ் ஒன்று தொடங்கப்பெற்றமையால் கூடிப் பேசியவை கூடாதோர்க்கும் எட்டின. டூயியின் பதின்மப் பகுப்புமுறையும், கட்டர் வகுத்த பட்டியல் விதிகளும் அதே ஆண்டில் வெளிவந்தன. ஆகவே கருதிப் பார்த்தற்குரிய பொருள் அவையோர் கையில் இருந்தது. மாநாட்டின் பயனுக்குச் சிறந்த சான்று வில்லியம் பிரெடெரிக்கு பூல் தொகுத்த பருவ இதழ்ச் சொல்லடைவாகும். ஒருவரே முடித்தற்கியலாத அவ்வேலையை நூலகங்கள் பல தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. ஒவ்வொரு நூலகமும் தனக்குரிய இதழ்களுக்கு அடைவு செய்து அனுப்ப, 1882-இல் நூல் வெளிவந்தது. கூடியிராவிடில் இது கைகூடியிராது.

மகளிர் பெற்ற இடம்

1853-இல் ஒருவருமின்றி இருந்த மகளிர் 1876-இல் பதின்மூவராயினர் என்பது வளர்ச்சியே. அவ்வளர்ச்சியின் தன்மையையும் நாம் நோக்குதல் வேண்டும். 1877 அக்டோபரில் இலண்டனில் நடைபெற்ற நூலகர் மாநாட்டிற்கு அமெரிக்கர் சிலர் கடல் கடந்து சென்றிருந்தனர். பிரித்தானிய நூலகச் சங்கம் தோன்றியது அம்மாநாட்டில்தான். அங்கு வின்சர் மகளிர் பணியைப் பாராட்டிப் பேசினார். அவர் பாராட்டின் அடிப்படை யாது? மகளிர்க்குத் தரும் ஊதியத்தை ஆடவர்க்குத் தந்தால் அத்துணைத் தகுதியுடைய ஆடவர் கிடையார் என்பதே. கல்வியும் திறமையும் உடைய மகளிர் குறைந்த ஊதியத்திற்குக் கிடைத்தனர்; ஆதலின் வரவேற்கப்பட்டனர். அவையில் இருக்கை கிடைத்தது. அவ்விருக்கையின் விலையை அமர்ந்தோரே தம் ஊதியக் குறைவால் செலுத்தினர் என்று கூறின் மிகையாகாது. சங்கத்தின் தலைமைப் பதவியை ஒரு பெண்மணி அடைந்தது 1911-இல். அவர் தெரேசா வெசுடு எல்மெண்டார்பு. சங்கம் தோன்றி முப்பத்தைந்து ஆண்டுகட்குப் பின்னரே இது நிகழ்ந்தது.

இடம் பெற்றோர்க்கு அவ்விடம் அச்சமின்றி அமர்தற்குரியதாக இருந்ததா என்பதும் வினாவிற்குரியது. 1905-ஆம் ஆண்டு மாநாட்டை அடுத்து உறுப்பினர் சிலர் அலாசுகாவிற்குப் பயணம் மேற்கொண்டனர். அப்பயணத்தில் டூயி தம்மிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று உடன்சென்ற மகளிர் சிலர் குறைகூறினர். அதன் பயனாக அவர் சங்கத்தின் செயல்களினின்றும் ஒதுங்க நேர்ந்தது. அதே 1905-இல், அவர் நிறுவிய பிளாசிடு ஏரிக் கழகம் யூதரை உறுப்பினராக ஏற்பதில்லை என்பதைச் சுட்டி அவர்க்கு எதிராக விண்ணப்பம் எழுந்தது. அதனைத் தொடர்ந்து அவர் நியூயார்க்கு மாநில நூலகர் பதவியையும் விட்டார். அவர் பெயரால் வழங்கிவந்த பதக்கத்தினின்று அப்பெயரைச் சங்கம் நீக்க முடிவு செய்தது 2019-இல். பகுப்புமுறையின் சிறப்பை யாரும் மறுத்தற்கில்லை. நூல்களுக்கெல்லாம் ஓரிடம் வகுத்தவர் மனிதர்க்கெல்லாம் இடம் வகுத்தாரல்லர் என்பதையும் வரலாறு பதிந்து வைத்தல் வேண்டும்.

ரிச்மண்டு மாநாடு

நம் ஆராய்ச்சியின் நடுப்பகுதி 1936-ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு மே திங்களில் அமெரிக்க நூலகச் சங்கம் வர்சீனியா மாநிலத்து ரிச்மண்டு நகரிற் கூடியது. தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரைப் பிரித்துவைக்கும் சட்டங்கள் நடைமுறையிலிருந்த காலம் அது. மாநாட்டிற்கு முன்னரே கறுப்பின நூலகர்க்கு ஒரு கடிதம் சென்றது. மாநாட்டு விடுதிகளில் அவர்கள் தங்க இயலாது. உணவோடு கூடிய கூட்டங்களில் கலந்துகொள்ள இயலாது. உணவறை வழியாகச் செல்லாமல் அடையக்கூடிய அறையாயின் உணவுக்குப் பிந்திய உரையைக் கேட்கலாம். பொதுக் கூட்டங்களில் அவர்க்கென ஒதுக்கிய பகுதியில் அமரலாம் என்பன அதன் செய்திகள்.

இவ்விதிகளின் பொருளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். அழைக்கப்பட்டோர் உறுப்பினர், சந்தா செலுத்தியோர், பட்டியல் செய்தலிலும் நூல் தேர்தலிலும் பிறர்க்கு நிகரான பயிற்சி உடையோர். அவர்க்கு உரை மறுக்கப்படவில்லை, உடனுண்ணலே மறுக்கப்பட்டது. மாநாடு என்பது மேடைப் பேச்சு மட்டுமன்று. ஒரு நூலகர் மற்றொரு நூலகரிடம் தம் இடர்ப்பாட்டைக் கூறி வழி கேட்பதும், காலியான பணியிடம் பற்றி அறிவதும், நட்புக் கொள்வதும் பெரும்பாலும் உணவு மேசையருகிலும் விடுதிக் கூடத்திலுமே நிகழும். மேடை உரையைப் பின்னர் அச்சிற் படிக்கலாம். மேசைப் பேச்சு அச்சேறுவதில்லை. எனவே மறுக்கப்பட்டது மாநாட்டின் உயிர்ப்பகுதியே என்பது தெளிவு.

எதிர்ப்பு எழுந்தது. இதழ்கள் கண்டித்தன. வில்சன் இதழின் ஆசிரியரும் கவிஞருமான சுடான்லி கூனிட்சு இச்செயலைக் கடிந்து எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில் சங்கத்தின் பேரவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மாநாட்டின் பொருட்டுச் சங்கத்தின் ஆட்சியில் விடப்படும் அறைகளிலும் மன்றங்களிலும் உறுப்பினர் அனைவரும் முழுச் சமநிலையில் அனுமதிக்கப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். இத்தீர்மானம் சங்கத்திற்குப் பெருமை தருவதே. எனினும் அதன் எல்லையை உற்று நோக்குக. அறையும் மன்றமும் கூறப்பட்டன. தங்கும் விடுதி வெளிப்படையாகக் கூறப்படவில்லை. சட்டத்தோடு மோதாது தன் மனச்சான்றைக் காத்துக்கொள்ள முயன்ற ஓர் அவையின் மொழி அது. ஆயினும் பயன் விளைந்தது: 1956-இல் மயாமி கடற்கரை நகரிற் கூடும்வரை இருபது ஆண்டுகள் சங்கம் தென்மாநிலங்களில் மாநாடு நடத்தவில்லை.

மாநிலச் சங்கங்கள்

தேசிய அவையின் வாயில் திறந்தபின்னும் மாநில அவைகளின் வாயில்கள் சில திறக்கவில்லை. இந்நிலையை எதிர்த்து நின்றவர் சார்சியா மாநிலத்துச் சவானா அரசினர் கல்லூரியின் நூலகரான ஈ. சே. சோசி. 1964-இல் செயிண்டு லூயி மாநாட்டில், தேசிய நூலக வாரத்தைச் சிறப்பாகக் கொண்டாடியமைக்காக மிசிசிப்பி நூலகச் சங்கம் பாராட்டப்பட்டது. கறுப்பினத்தவரைச் சேர்க்காத சங்கம் அது. சோசி எழுந்து மறுத்தார். நிறவேற்றுமை காட்டும் மாநிலச் சங்கங்களின் கூட்டங்களில் தேசியச் சங்கத்தின் அலுவலர் தம் பதவி நிலையிற் கலந்துகொள்ளலாகாது என்னும் தீர்மானம் அவர் முயற்சியால் நிறைவேறியது. அடுத்த ஆண்டு சார்சியா நூலகச் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அச்சங்கத்தின் முதல் கறுப்பின உறுப்பினர் அவரே. பிலடெல்பியா மாநாட்டின் நூற்றாண்டான 1976-இல் கிளாரா சுடாண்டன் சோன்சு தேசியச் சங்கத்தின் தலைமையை ஏற்றார்; அப்பதவியை அடைந்த முதற் கறுப்பினத்தவர் அவரே. 1984-இல் சோசியும் தலைவரானார். பிரிவினை நிலவிய பொதுநூலகங்களில் இழைக்கப்பட்ட தீங்குகட்காகச் சங்கம் வருத்தம் தெரிவித்தது 2018-இல்.

நம் நாட்டு மாநாடுகள்

நம் நாட்டில் 1914-இல் பெசவாடாவில் ஆந்திர நூலக இயக்கத்தார் கூடினர். 1918-இல் அரசினர் அழைப்பின்மேல் இலாகூரில் நூலகர் கூடினர். முன்னது மக்கள் இயக்கம்; பின்னது அலுவலர் அவை. 1919-இல் சென்னையில் அனைத்திந்தியப் பொதுநூலக மாநாடு நிகழ்ந்தது. 1928-இல் சென்னை நூலகச் சங்கமும், 1933-இல் கல்கத்தா மாநாட்டில் இந்திய நூலகச் சங்கமும் தோன்றின. சென்னைச் சங்கம் 1931-இல் வெளியிட்ட நூல் சீ. இரா. அரங்கநாதனின் ஐந்து விதிகளாகும். ஒவ்வொரு படிப்பவர்க்கும் அவர்க்குரிய நூல் என்னும் இரண்டாம் விதியை விளக்குமிடத்து, செல்வர்க்கும் வறியர்க்கும், ஆடவர்க்கும் மகளிர்க்கும், நகரத்தார்க்கும் சிற்றூரார்க்கும் நூல் பொது என்று அவர் நிறுவினார். ரிச்மண்டில் கறுப்பின நூலகர் ஒதுக்கப்படுதற்கு ஐந்தாண்டு முன்னரே சென்னையிலிருந்து அக்கருத்து நூல்வடிவிற் சென்றது. அவ்விதி படிப்பவரைக் குறித்தது. நூலைத் தருவோர்க்கும் அது பொருந்தும் என்பதை ரிச்மண்டு நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றான் பெறப்படுவன மூன்று. நூலகர் மாநாடு தனியொருவரால் இயலாத வேலையைப் பலரால் முடிக்கச் செய்தது. பூலின் அடைவு அதற்குச் சான்று. அவ்வவையின் வாயில் தானே அகன்றதில்லை. மறுக்கப்பட்டோரும் அவர்க்குத் துணை நின்றோரும் கேட்டபோதே அகன்றது. அவையிற் சேர்த்தல் வேறு, சமமாக அமரச் செய்தல் வேறு; இரண்டிற்கும் இடையே மகளிர்க்கு முப்பத்தைந்து ஆண்டுகளும் கறுப்பினத்தவர்க்கு இன்னும் நெடுங்காலமும் கழிந்தன.

ஆகவே ஒரு மாநாட்டின் அறிக்கை நம் கைக்கு வருங்கால், தீர்மானங்களைப் படிக்குமுன் வந்தோர் பட்டியலைப் படித்தல் நலம். நம் நாட்டு மாநாட்டு அறிக்கைகளையும் இவ்வாறே ஆராய்தல் வேண்டும். சிற்றூர் நூலகப் பணியாளர், மகளிர், தாழ்த்தப்பட்டோர் ஆகியோர் அவற்றில் எத்துணையர் அமர்ந்தனர், எத்துணையர் பேசினர் என்று எண்ணிப் பார்ப்பது நம் ஆராய்ச்சி மாணவர்க்குத் தக்க பணியாகும். எல்லோர்க்கும் நூல் வழங்கும் தொழில், எல்லோரும் அமரும் அவையிலிருந்தே தொடங்குதல் முறை.