வழிப்போக்கர் அடுப்பு

வாலாசாப்பேட்டையிலிருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியே செல்லும் நெடுஞ்சாலையில் இன்று உணவகங்களுக்குக் குறைவில்லை. கூரை வேய்ந்து, சுவரில் வண்டிச் சக்கரம் சாத்தி, ‘கிராமியச் சாப்பாடு’ எனப் பலகை தொங்கவிட்டவையும் உள. அச்சக்கரம் உண்மையிலேயே உருண்ட காலத்தில் இவ்வழிச் சென்றோர் எங்கே தங்கினர், எதை உண்டனர்?

மாட்டுவண்டி ஒரு நாளில் பத்துப் பதினைந்து மைல் செல்லும். ஆதலின் வழிநெடுகச் சத்திரமும் சாவடியும் தேவைப்பட்டன. நம் முன்னோர் அங்கே சமைத்த சோற்றை எதிர்பார்த்தவர் அல்லர். அரிசி, பருப்பு, வெண்கலப் பானை, நீர் வடிகட்டும் துணி யாவும் வண்டியிலேயே இருந்தன. ஒரு கிணறு, ஓர் அடுப்பு, பொழுது சாயுமுன் உண்டு முடிக்க ஒரு திண்ணை, இவ்வளவே வேண்டியிருந்தது.

சத்திரம் நடந்த முறையை அறியத் தஞ்சைச் சான்று ஒன்று உதவுகிறது. இரண்டாம் சரபோசி மன்னர், சத்திரங்களின் அறம் தடைபடலாகாது என்று 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதினார். இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர் அனைவருக்கும் குல, சமய வேறுபாடின்றிச் சோறு, நோயுற்றோர்க்கு மருத்துவர், பிள்ளைகளுக்கு ஆசிரியர், கருவுற்ற மகளிர்க்குப் பேணுதல். நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர் உளரோ என அழைப்பதும் வழக்கம். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நாம் போற்றும் நால்வகைத் தானமும் அதில் அடங்கியிருக்கின்றன. நம் நூல்களைப் பார்த்து மன்னர் அதனை எழுதியிருக்கமாட்டார் என்பதே எனக்கு வியப்பு.

நள்ளிரவு மணி நமக்குரியதன்று. ஆனால் சமைத்த சோறு வேண்டாதவர்க்கு அரிசியும் மசாலைப் பொருள்களும் தரப்பட்டன என்றும் அக்கடிதம் கூறுகிறது. தன் நோன்போடு வந்தவனை அதனோடே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது.

1856 சூலை 1-இல் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. 1864-இல் பாதை பெங்களூரை எட்டியது. நாட்கணக்கான பயணம் மணிக்கணக்காகச் சுருங்க, இடைவழிச் சத்திரங்களின் தேவை குறைந்தது. ஊர்களில் காபி கிளப்புகளும் சாப்பாட்டு விடுதிகளும் தோன்றின. சோற்றை விற்பது இழிவெனக் கருதிய நாட்டில் அதுவே மதிப்புள்ள தொழிலாயிற்று. தோல் தொழிலால் செழித்த ஆம்பூருக்குப் பிரியாணியும் பெயர் தேடித் தந்தது. காசு கொடுத்தால் எவரும் உண்ணலாம் என்பது சிறு மாற்றமன்று. சாதி பார்த்துப் பரிமாறிய இடங்கள் பல இருந்த நாடு இது. ஆயினும் உண்ணும் நேரத்தை இப்போது கடைக்காரரே வகுக்கிறார்.

சென்ற ஆண்டு பெங்களூரிலிருந்து வேனில் திரும்புகையில், ஆம்பூர் அருகே மாலை ஐந்து மணிக்கு இரண்டு உணவகங்களில் கேட்டோம். ஏழு மணிக்கே சாப்பாடு என்றனர். மூன்றாவது ஒரு சிறு ஓலைக் கொட்டகை. காரணத்தைக் கேட்ட முதியவர், புறக்கடையில் அன்று மூட்டாத ஓர் அடுப்பைக் காட்டினார். உடன் வந்த பெண்கள் புதிய பாத்திரத்தில் உப்புமா கிளற, கதிர் மறையுமுன் பதினோரு பேரும் உண்டு எழுந்தோம். எவ்வளவு தரவேண்டும் என்றதற்கு, விறகுக்கு மட்டும் பெற்றுக்கொண்டார்.