காஞ்சிமாநகரை ஒரு பகலிற் காண்டல்

முத்தி தரும் நகரங்கள் ஏழென எண்ணுவார் தென்னாட்டில் வைத்தெண்ணுவது காஞ்சி ஒன்றே. சைவ மக்களுக்கு அது பிருதிவித் தலம். மூவர் முதலிகளும் பாடிய திருவேகம்பம் ஆங்குளது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் இடக்கண் பெற்றது அந்நகரில். கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தை அரங்கேற்றியது ஆங்குள்ள குமரகோட்டத்தில். சிவஞானபோதத்துக்கு மாபாடியம் அருளிய சிவஞான முனிவரே காஞ்சிப் புராணத்தின் முதற் காண்டத்தைப் பாடினார். இத்துணைப் பெருமை வாய்ந்த நகரை இந்நாளிற் பெரும்பாலார் காணும் முறை யாதெனின், காலையிற் சென்னையினின்றும் புறப்படும் பேருந்தொன்றில் ஏறி, ஏறத்தாழ 75 கிலோமீட்டர் கடந்து, ஏகம்பம், காமக்கோட்டம், கயிலாசநாதர் கோயில், வரதராசப் பெருமாள் கோயில் ஆகியவற்றை நண்பகல் நடை சாத்துமுன் கண்டு, பட்டுக்கடை ஒன்றினுட் புகுந்து வெளிவந்து, பிற்பகலில் மாமல்லபுரம் நோக்கிச் செல்லுதலேயாம். வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். ஒவ்வொரு கோயிற்கும் இத்துணை நிமிடம் என்னும் கணக்கும் அவர் கையில் இருக்கும்.

இம்முறையை இகழ்தல் எமது கருத்தன்று. முதியோரும், விடுமுறை நாள் ஒன்றே உடைய உழைப்பாளரும், வடநாட்டினின்று போந்து மொழியறியாது நிற்போரும் இதனாலன்றிக் காஞ்சியைக் காணமாட்டார். அயல்நாட்டிலிருந்து வந்து அந்நகரைக் கண்டு சென்றாரும் பண்டே உளர். சீன யாத்திரிகராகிய இயூன்சாங் 640-ஆம் ஆண்டை ஒட்டிக் காஞ்சிக்கு வந்தார். நகரின் சுற்றளவு இவ்வளவு, பௌத்தப் பள்ளிகள் நூறளவின, தேவாலயங்கள் எண்பதளவின எனத் தாம் அறிந்தவற்றை எழுதிச் சென்றார். பௌத்தராகிய அவர் தம் சமயப் பள்ளிகளை விரித்தெழுதித் தேவாலயங்களை எண்ணளவில் நிறுத்தினார். அதனால் அவர் காலத்துச் சிவாலயங்களைப் பற்றி நாம் அவர்பால் அறிவது மிகச் சிறிதே. காண்பவர் எதனை வினவுகின்றாரோ அதுவே அவர்க்குக் காட்சியாகின்றது. வழிகாட்டியின் திறத்தும் இதுவே நிகழ்கின்றது. வந்தோர் அற்புதங்களை வினவுதலின் அவர் அற்புதங்களையே சொல்லுகின்றார்.

ஏகம்பத்தில் அவர் சொல்லுவன இரண்டு. கோபுரம் விசயநகரத்துக் கிருட்டிணதேவராயர் 1509-இல் எடுத்தது என்பது ஒன்று. தலவிருட்சமாகிய மாவின் அகவை 3,500 ஆண்டு என்பதும், அதன் நான்கு கிளைகளும் நான்கு வேதங்களாய் நால்வகைச் சுவைக் கனி தருவன என்பதும் மற்றொன்று. இவற்றைக் கேட்டு வியந்து பேருந்தில் ஏறுவோர், நகரின் மேற்றிசைக் கோடியில் உள்ள கயிலாசநாதர் கோயிலில் இறங்கி நிற்பது பெரும்பாலும் கால் மணி நேரமே. ஆண்டு அவர்க்குக் காட்டப்படுவது கருவறையைச் சுற்றியுள்ள இடுங்கிய வழி. அதனுள் குனிந்தும் தவழ்ந்தும் புகுந்து மறுபுறம் வெளிப்பட்டார்க்கு மறுபிறப்பில்லை என்று வழிகாட்டி உரைப்பார். இளைஞர் நகைத்துக்கொண்டு புகுவர். பருத்த உடலினர் அஞ்சி நிற்பர். அவ்வளவில் நேரமும் முடிந்துவிடும்.

பிறப்பறுதற்கு மலநீக்கம் வேண்டும் என்பது நம் சாத்திரங்களின் துணிபு. அம்மலநீக்கத்தைப் பற்றி ஓர் அரசன் எழுதுவித்த தொடர், அவ்வழியைத் தன்னகத்தே கொண்ட அதே விமானத்தின் புறத்தே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. அதனையே வழிகாட்டி காட்டாது விடுகின்றார். இக்கட்டுரை எழுந்தது இதன் பொருட்டே.

கயிலாசநாதர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலங்களுள் வைத்தெண்ணப்படாதது. அதனால் நம்மவருள் யாத்திரை செல்வோரும் அதனைத் தொல்பொருள் ஆராய்வார்க்குரிய இடமென எண்ணி விரைந்து கடப்பர். அதனை எடுத்தோன் இரண்டாம் நரசிங்கவர்மனாகிய இராசசிம்ம பல்லவன். ஏறத்தாழ 700 முதல் 728 வரை ஆண்டவன். தன் பெயராலேயே அதனை இராசசிம்மேச்சுரம் என வழங்கினான். பிற்காலத்துச் சோழர் கல்வெட்டுக்கள் அதனைப் பெரிய திருக்கற்றளி என்று குறிக்கும். அடித்தளம் கருங்கல், மேலெல்லாம் மணற்கல். அம்மணற்கல் காற்றாலும் மழையாலும் பொரிந்து உதிர்தலின் பிற்காலத்தார் சுதை பூசிப் பூசிக் காத்தனர். பூச்சினடியில் பழைய வடிவங்கள் பல மறைந்தன. கருவறையில் இருப்பது பதினாறு பட்டை தீர்ந்த கருநிற இலிங்கம். திருமதிலின் உட்புறம் முழுதும் 58 சிற்றாலயங்கள் நிரல்பட நிற்கும். அவற்றுள் சிலவற்றின் சுவரில் பல்லவர் கால ஓவியங்கள் சுதைப் பூச்சின் கீழ் மறைந்து கிடந்தமையைப் பாண்டிச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் துப்ராய் 1931-இற் கண்டு வெளிப்படுத்தினார். சோமாஸ்கந்த வடிவத்தின் திருவுருக்கோடுகள் சில இன்னும் காணலாம். நிறம் பெரிதும் அழிந்தது; கோடு அழியவில்லை.

நிற்க. விமானத்தைப் புறத்தே சுற்றிச் செல்லும் வடமொழிச் சாசனம் 12 சுலோகங்களால் ஆயது; எழுத்துப் பல்லவ கிரந்தம். செருமானிய அறிஞர் ஹுல்ட்ஸ் இதனைப் படித்துத் தென்னிந்தியச் சாசனங்களின் முதற் றொகுதியில் 1890-இல் வெளியிட்டார். அதன்கண் இராசசிம்மன், சைவசித்தாந்த நெறியிலே மலமனைத்தும் அழியப்பெற்றவன் என்று புகழப்படுகின்றான். சைவசித்தாந்தம் என்னும் பெயர் வரும் கல்வெட்டுக்களுள் இதுகாறும் அறியப்பட்டவற்றில் இதுவே பழையது என்பர். மெய்கண்ட தேவர் சிவஞானபோதம் அருளியது 13-ஆம் நூற்றாண்டில் ஆதலின், அதற்கு ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே அப்பெயர் தமிழ்நாட்டுக் கல்லில் ஏறிவிட்டது.

இதனைக் கொண்டு மெய்கண்டார் வகுத்த நூன்முறை முழுதும் பல்லவர் காலத்தே இருந்ததென நாட்டப் புகுவாரும் உளர். அது மிகை. சாசனம் கூறுவது நெறியின் பெயரும், அந்நெறியால் விளைந்த மலநீக்கமும் ஆகிய இரண்டே. பதி பசு பாசங்களின் இலக்கணத்தை அது விரிக்கவில்லை. அரசன் தன்னைச் சங்கரபக்தன், சிவசூடாமணி, ஆகமப்பிரமாணன் என்றெல்லாம் சிற்றாலயங்களின்மேல் எழுதுவித்தான். இருநூற்றைம்பதளவினவாகிய அப்பட்டங்கள் ஒன்றற்கு மேற்பட்ட எழுத்து வகைகளில் மீண்டும் மீண்டும் வரையப்பட்டுள. ஆகமத்தைப் பிரமாணமாகக் கொண்ட ஒருவன் தீக்கையால் மலம் நீங்கப்பெற்றான் என்பதே சாசனத்தின் நேர்பொருளாதல் வேண்டும். ஆகமவழிச் சைவசித்தாந்தம் அரசர் வரை பரவியிருந்தது என்பதற்கு இது போதிய சான்று. அதனினும் மிகுதியாக இக்கல்லைப் பேசுவிக்க வேண்டுவதில்லை. இத்துணையே நமக்குப் பெருஞ் செல்வம்.

இச்சாசனத்துள் இன்னுமொரு செய்தி உளது. கிருதயுகத்தில் துஷ்யந்தன் முதலிய அரசர் அசரீரி வாக்கைக் கேட்டமை வியப்பன்று. கலியுகத்திலே இவ்வரசன் அதனைக் கேட்டான், இஃது எத்துணை வியப்பு என்று புலவர் பாடுகின்றார். இதனைப் படிக்கும் சைவர் எவர்க்கும் பூசலார் நாயனார் சரிதம் நினைவுக்கு வாராதிராது. காடவர் அரசன் கச்சியிற் கற்கோயில் எடுத்துக் கும்பாபிடேகத்துக்கு நாள் குறித்தனன். அந்நாளிலேயே திருநின்றவூரில் வறியராகிய பூசலார் தம் மனத்தின்கண் எடுத்த கோயிலுக்கும் நாள் குறித்தனர். பெருமான் அரசன் கனவிற்றோன்றி, நின்றவூர் அன்பன் எடுத்த கோயிலில் யாம் நாளை எழுந்தருளுவோம், நீ பின்னொரு நாள் கொள்க என்று பணித்தருளினர். அரசன் அத்திருக்கோயிலைத் தேடிச் சென்று, கல்லொன்றும் மரமொன்றும் இன்றி எடுத்த கோயிலைப் பற்றிக் கேட்டறிந்து, அடியவர் திருவடியில் வீழ்ந்தனன். இவ்வரசன் இராசசிம்மனே, அக்கற்றளி இராசசிம்மேச்சுரமே என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு.

சாசனத்து அசரீரியும் புராணத்துக் கனவும் ஒன்றா? சாசனம், வாக்கைக் கேட்டான் என்கின்றது. அவ்வாக்கு யாது கூறிற்று என்பதைச் சொல்லவில்லை. பூசலார் பெயரும் அதில் இல்லை. சேக்கிழார் பெருமான் பாடியது இதற்கு நானூறு ஆண்டுகட்குப் பின். ஆயினும் தன் புகழைத் தான் எழுதுவிக்கும் வேந்தன், தான் ஒரு வாக்கைக் கேட்க நேர்ந்ததைத் தன் கோயிற் சுவரிலேயே பொறிக்க உடன்பட்டமை எண்ணத்தக்கது. வெற்றியையும் கொடையையும் எழுதுவிப்பார் பலர். கோயிலெடுப்போன் ஒருவன் தனக்கு மேலாம் குரலொன்று கேட்டது என்று எழுதுவித்தல் அரிது. காஞ்சியில் வழங்கிய அச்செய்தியே வழிவழி வந்து குன்றத்தூர்ப் புலவர் செவியை எட்டிற்று எனக் கொள்ளுதல் எமக்கு இயைபுடைத்தாகத் தோன்றுகின்றது. முடிந்த முடிபென யாம் கூறோம். கற்றளியின் முன் நின்று பூசலாரை நினையும் அன்பர்க்கு இவ்வளவே சாலும். அக்கோயிலைக் காணும்போது இக்கோயில் நினைவில் எழாதாயின், கண்டது மணற்கல்லே.

இனி, கோயிலின் முன்னுள்ள மண்டபம். முற்காலத்தில் இது விமானத்தோடு ஒட்டாது தனித்து நின்றது. இடைவெளியைப் பிற்காலத்தார் அடைத்தனர். அதன் தூண் ஒன்றில் கன்னடச் சாசனம் ஒன்றுளது. 733 முதல் 744 வரையில் வாதாபியில் ஆண்ட சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்று புகுந்தான். இராசசிம்மேச்சுரத்தின் செல்வத்தைக் கண்டான். கவராது அதனை இறைவனுக்கே மீள அளித்தான் என்பது அதன் செய்தி. இதன் அருமையை உணர்தற்கு முன்னைய பகையை அறிதல் வேண்டும். விமானத்துச் சாசனம் இராசசிம்மன் தந்தையாகிய பரமேசுவரவர்மனை, இரணரசிகன் நகரை அழித்தவன் என்று பெருமிதத்தோடு கூறும். அவ்விரணரசிகன் முதலாம் விக்கிரமாதித்தன். தூணில் எழுதுவித்தவன் அவனுடைய கொள்ளுப்பேரன். மூதாதையின் தோல்வியைப் பறைசாற்றும் கல் கையெட்டும் அணிமையில் இருக்க, அதனைச் சிதைக்காது, கோயிலுக்குப் பொருளும் அளித்து மீண்டான்.

இவ்விரு குலத்தாரும் சைவத்தால் ஒன்றுபட்டவர் என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். முதலாம் விக்கிரமாதித்தன் 660-ஆம் ஆண்டில் சுதரிசனாசாரியர் என்பார்பால் சிவமண்டல தீக்கை பெற்ற செய்தி அமுதலப்பாடு செப்பேட்டால் விளங்கும். தீக்கை பெற்ற சாளுக்கியனும், மலம் நீங்கிய பல்லவன் தந்தையும் ஒருவர் நகரை ஒருவர் எரித்தனர்; சமயம் ஒன்றாயிருந்தும் போர் நிற்கவில்லை. கோயில் மட்டும் தப்பிற்று. இரண்டாம் விக்கிரமாதித்தன் தேவியாகிய உலோகமாதேவி பட்டதக்கல்லில் எடுத்த உலோகேச்சுரம், இக்காலத்து விரூபாட்சர் கோயில் எனப்படுவது, காஞ்சிக் கற்றளியின் சாயலை உடையது. வென்று வந்தோர் காஞ்சியினின்று கொண்டு சென்ற பொருள் இதுவே போலும்!

ஆதலின் ஒரு பகலே உடைய அன்பர்க்கு யாம் உரைப்பது இது. பேருந்தின் கணக்கு நும் கையில் இல்லையாயின், வழிகாட்டியை முன்னரே வேண்டிக்கொண்டு, கயிலாசநாதர் கோயிலை முதலிற் காண்க. கிழக்கு நோக்கிய சந்நிதியாதலின் காலை வெயிலில் சிற்பங்கள் நன்கு தோன்றும். முகப்பிலே நிரலாக நிற்கும் சிற்றாலயங்களுள் ஒன்று இராசசிம்மன் தேவியாகிய அரங்கபதாகை எடுத்தது. அதனை அடுத்துப் புகுவழியில் இருப்பது அவன் மகன் மகேந்திரன் எடுத்த மகேந்திரவர்மேச்சுரம். தாயும் மகனும் தந்தையும் ஒரே வளாகத்தில் தனித்தனி ஆலயம் எடுத்தமை பிறவிடத்துக் காண்டற்கரிது. விமானத்தை வலம் வருங்கால் கிரந்த எழுத்துக்களைக் கண்ணாலேனும் தொடர்க. படிக்க அறியாதார்க்கும் அச்சுலோகங்களின் தமிழ்ப் பொருளைக் கையில் எழுதி வைத்திருத்தல் எளிதே. கன்னடத் தூணைக் காட்டுமாறு வழிகாட்டியைக் கேட்க. கேட்பார் இல்லாமையினால் அவர் காட்டுவதில்லையேயன்றி, காட்டுதற்கு மனமின்மையால் அன்று.

இதற்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். பட்டுக்கடைக்குரிய நேரத்தை இதற்கு அளித்தால் ஏகம்பமும் குமரகோட்டமும் காமக்கோட்டமும் நடை சாத்துமுன் கண்டுவிடலாம். பல்லவர் வரலாற்றில் விருப்புடையார், நந்திவர்ம பல்லவமல்லன் வரையிலான அரசர் நிகழ்ச்சிகளைச் சிற்பமாகச் செதுக்கிய வைகுந்தப் பெருமாள் கோயிலையும் விடற்க. இன்னும் அரைமணி எஞ்சுமாயின், கயிலாசநாதர் கோயிலுக்கு அணித்தேயுள்ள கச்சி அனேகதங்காவதத்துக்குச் செல்லலாம். சுந்தரர் பாடிய அச்சிறு கோயிலில் பேருந்துகள் நிற்பதில்லை. நடந்தே போதல் வேண்டும்.