அங்கத்தை அளந்த சட்டம்

ஸ்ரீராமாநுஜர் அவதரித்த க்ஷேத்திரமென்று நெடுங்காலம் பெயர்பெற்றிருந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பிரதேசத்தில், 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கியதும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டதும் பலரும் அறிந்த சரித்திரம். பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துதரும் பட்டறைகளில் பவர் பிரஸ்ஸுக்குள் தகட்டை வைத்தெடுக்கும் கைகளின் சரித்திரமோ அவ்வளவாக எழுதப்படவில்லை. அக்கைகளில் ஒன்று விரலிழந்தபின், நஷ்டஈட்டுக்காக வைத்தியர் முன்னே நீட்டப்படும் அந்த வழக்கம், இங்கே கார்கள் பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே ஏற்பட்டதாகும்.

1897இல் இங்கிலாந்தில் பிறந்த ஒரு சட்டத்தை அடியொற்றி, 1923இல் நமது தேசத்தில் இயற்றப்பட்டு 1924 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், தன் 11ஆம் பிரிவில், விபத்து நேர்ந்ததாக அறிவிப்புப் பெற்ற முதலாளி மூன்று நாட்களுக்குள் தம் செலவில் வைத்தியப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய முன்வந்தால் தொழிலாளி அதற்கு உட்படவேண்டுமென்றும், மறுக்கும் தொழிலாளியின் உரிமை நிறுத்திவைக்கப்படுமென்றும் விதித்தது. பணம் கொடுக்கவேண்டியவரே பரிசோதகரையும் தேர்ந்தெடுப்பது என்னும் ஏற்பாடு அன்றே சட்டத்தில் குடியேறிவிட்டது. பின்னாளில் முதலாளியின் ஸ்தானத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வந்து நின்றபோதும் அதன் சுபாவம் மாறவில்லை.

அச்சட்டத்தின் அட்டவணையோ உடலைப் பங்கிட்டு விலையிட்டது. பின்னாளில் திருத்தப்பட்ட அதன் கணக்கில், கட்டைவிரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு நஷ்டம், சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் 7. பேரம் பேசத் திராணியற்ற ஏழைக்கு இந்த நிச்சயம் ஒரு பாதுகாப்பே என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், விரல் யாருடையது, அவன் அதைக்கொண்டு என்ன தொழில் செய்து ஜீவித்தான் என்பதை அட்டவணை கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை நீதிமன்றம் கேட்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஒரிசாவில், 1968இல், ஒரு சினிமாக் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் விழுந்து இடதுகையை இழந்தார். அட்டவணைப்படி இது பகுதி ஊனமே என்று முதலாளி வாதாட, ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது, ஆகவே இது முழு ஊனமே என்ற முடிவை 1975 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஊர்ஜிதம் செய்தது. அங்கத்தின் நஷ்டம் வேறு, ஜீவனோபாயத்தின் நஷ்டம் வேறு என்பதை 2010இல் ஒரு சாலை விபத்து வழக்கிலும் அதே நீதிமன்றம் விரித்துரைத்தது.

இதற்கிடையே, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றி 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் திட்டம், நிரந்தர ஊனத்தை மதிப்பிடும் பொறுப்பை முதலாளியின் வைத்தியரிடமிருந்து எடுத்து மெடிக்கல் போர்டிடம் ஒப்படைத்தது. தொழிலாளிக்கு அது மெய்யான முன்னேற்றம். ஆனால் அத்திட்டத்தில் சேர்வதற்கு 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் என்றிருந்த சம்பள வரம்பைத் தாண்டியவருக்கு நஷ்டஈட்டுச் சட்டத்தின் பழைய பாதையே மிஞ்சியது.

எந்தப் பாதையானாலும், பரிசோதனை சில நிமிஷங்களில் முடிந்துவிடும். அதன் முடிவோ ஆயுள் முழுவதும் கூடவரும். ஆகையால், ஒரகடத்துத் தோழர்களே, விபத்தை அன்றே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல்நாள் சிகிச்சைச் சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் பத்திரப்படுத்துங்கள். வலியைக் கூட்டியும் சொல்லவேண்டாம், குறைத்தும் சொல்லவேண்டாம். எந்த மெஷினில், எந்த விரலால், என்ன வேலை செய்துவந்தீர்கள் என்பதை, வைத்தியர் கேளாவிட்டாலும், நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள்.