கோப்புகள் கடல் கடந்த கதை



ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதையே தூக்கிக்கொண்டு போவது. மற்றது, அதைப் பார்த்து அதேபோல இன்னொன்று செய்து அனுப்புவது. எங்களில் பெரும்பாலானோர் முதலாவது வழியால் வந்தவர்கள். ஒரு பயணப் பைக்குள் அடங்கியது வந்தது. அடங்காதது அங்கேயே நின்றுபோயிற்று. இந்த மாதப் பேச்சு இரண்டாவது வழியைப் பற்றியது. கணனியிலிருந்து கணனிக்குக் கோப்புகளைப் பிரதி செய்து அனுப்பும் வித்தை எப்படி வளர்ந்தது, அதில் நாம் வாழும் லண்டனுக்கு என்ன பங்கு, எமக்கு அது ஏன் தேவை என்பதைச் சொல்லப் போகிறேன்.

பிரதி செய்வது தமிழருக்குப் புதிய வேலை அல்ல. ஓலை ஏட்டைப் பூச்சி அரிக்கும், ஈரம் தின்னும். சில தலைமுறைகளுக்கு ஒருமுறை புதிய ஓலையில் எழுதிவைத்தால்தான் நூல் பிழைக்கும். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியது, பல ஏடுகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான். யாரோ முகம் தெரியாத ஒருவர் முன்னர் பிரதி செய்து வைத்திராவிட்டால் அவருக்கு ஒப்பிட எதுவும் கிடைத்திராது.

பிரதி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் எமக்குத் தெரியும். 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சுப் புத்தகங்கள் பலவற்றுக்கு வேறு ஊர்களில் பிரதிகள் இருந்தன. ஒற்றைப் பிரதியாக இருந்தவை போனது போனதுதான்.

இனிக் கணனிக்கு வருவோம். ஒரு கோப்பை முழுதாக அனுப்பாமல் சிறு சிறு பொதிகளாக உடைத்து அனுப்பலாம் என்ற யோசனை 1960களில் இரண்டு நாடுகளில் தனித்தனியே பிறந்தது. அமெரிக்காவில் போல் பாரன் சிந்தித்தார். இங்கே, ரெடிங்ரனில் உள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் டொனால்ட் டேவிஸ் சிந்தித்தார். அந்தத் துண்டுகளுக்கு ‘பக்கெற்’ என்று பெயர் வைத்தவர் டேவிஸ்தான்.

1969இல் அமெரிக்காவில் ஆர்ப்பாநெற் என்ற வலைப்பின்னல் இயங்கத் தொடங்கியது. ஆனால் அதில் இணைந்த கணனிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒன்றின் கோப்பை மற்றது எப்படிப் பெறுவது? 1971 ஏப்ரலில் அதற்கான ஒழுங்குவிதிகளை எழுதி வெளியிட்டவர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.ரியின் முதல் தொகுதியில் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.ரி.க்குப் போனவர். எஃப்.ரி.பி. என்று இன்றும் அழைக்கப்படும் முறை அது.

இரண்டு வருடம் கழித்து அந்த வலைப்பின்னல் லண்டனுக்கு வந்தது. யூனிவர்சிற்றி கொலிஜில் பேராசிரியர் பீற்றர் கேர்ஸ்ரீனின் குழு 1973 ஜூலையில் இணைப்பைப் பெற்றது. நோர்வே ஊடாக அமெரிக்காவுக்குப் போகும் பாதை. அமெரிக்காவிலிருந்து அனுப்பிய இயந்திரம் ஹீத்ரோவில் இறங்கியதும், இறக்குமதித் தீர்வையும் வற் வரியும் கேட்டுச் சுங்கத்தில் மறித்துவிட்டார்கள். இரவல் கருவி என்று சொல்லித்தான் கேர்ஸ்ரீன் அதை வெளியே எடுத்தார். சுங்கத்தில் பொதி அகப்பட்ட அனுபவம் உள்ள எங்களுக்கு அவருடைய கஷ்டம் விளங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேர்ஸ்ரீன் 1933இல் பேர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாசிகளுக்குப் பயந்து அவருடைய குடும்பம் 1937இல் இங்கிலாந்துக்கு வந்தது. அடைக்கலம் தேடி வந்த ஒரு பிள்ளைதான் வளர்ந்து இந்த நாட்டை உலக வலையோடு இணைத்தது. 2020 ஜனவரியில் அவர் காலமானார்.

அன்று லண்டன் நோர்வே இணைப்பின் வேகம் வினாடிக்கு 9,600 பிற். இன்றைய எம்.பி.3 வடிவில் மூன்று நிமிடப் பாட்டு ஒன்றை அந்தக் கம்பியால் அனுப்பினால் ஏறக்குறைய 40 நிமிடம் பிடித்திருக்கும்.

எஃப்.ரி.பி. வேலை செய்யும் விதம் எளிமையானது. படமோ பொத்தானோ இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சுச் செய்ய வேண்டும். மற்றக் கணனியின் பெயர், எமது பெயர், கடவுச்சொல். உள்ளே போனதும் ‘கெற்’ என்றால் அங்குள்ள கோப்பின் பிரதி இங்கே வரும். ‘புற்’ என்றால் இங்குள்ளதன் பிரதி அங்கே போகும். மூலப் பிரதி இருந்த இடத்திலேயே இருக்கும். 1990களின் கடைசியில் லண்டனில் மாலைநேர வகுப்பொன்றில் இதைப் படித்தபோது எனக்கு அதிசயமாக இருந்தது அந்தக் கடைசி விசயம்தான். கொடுத்தவருக்குக் குறையாமல் கொடுக்க முடிகிறது.

ஒரு சூட்சுமமும் உண்டு. எழுத்துக் கோப்பை ஒரு முறையிலும் படம், ஒலி, எழுத்துரு போன்றவற்றை ‘பைனறி’ என்ற இன்னொரு முறையிலும் அனுப்ப வேண்டும். முறை மாறினால் கோப்பு பழுதாகிவிடும். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறையில் இருந்தன. கோப்பு சரியாக வந்து சேர்ந்தாலும், அதற்குரிய எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் கிறுக்கல்தான் தெரியும்.

எஃப்.ரி.பி.யில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. கடவுச்சொல் கம்பியில் அப்படியே வெளிப்படையாகப் போகும். தபாலட்டையில் எழுதிய இரகசியம் போல. இடையில் நிற்பவர் வாசிக்கலாம். பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் அப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பிறகு, தாத்து யிலோனன் என்பவர் 1995இல் எஸ்.எஸ்.எச். என்ற முறையை எழுதினார். போகும் எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் முறை அது. அதோடு வந்த எஸ்.சி.பி. என்ற கட்டளை ஒரே வரியில் கோப்பைப் பாதுகாப்பாகப் பிரதி செய்தது. கடிதத்தை உடைத்துப் பார்க்கும் நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. பழைய எஃப்.ரி.பி. மெல்ல ஒதுங்கியது. 2021இல் குரோம், ஃபயர்ஃபொக்ஸ் இரண்டும் அதைக் கைவிட்டன.

1996இல் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் அன்ட்ரூ ரிட்ஜெல், போல் மக்கெரஸ் இருவரும் ஆர்சிங் என்ற கருவியை வெளியிட்டார்கள். இது தாமோதரம்பிள்ளை செய்ததைப் போன்ற வேலை. பெறும் கணனி தன்னிடமுள்ள பழைய பிரதியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாள எண் போட்டு அனுப்புகிறது. அனுப்பும் கணனி ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபடும் பகுதியை மட்டும் அனுப்புகிறது. ஆயிரம் பக்கத்தில் ஒரு வரி மாறினால் ஆயிரம் பக்கமும் திரும்பப் போக வேண்டியதில்லை.

இந்த வசதிகள் வந்த காலத்தில் எம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 1998 தைப்பொங்கலன்று சுவிற்சர்லாந்தின் லொசானில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்தும் பிழை பார்த்தும் இணையத்தில் ஏற்றினார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் மின்வடிவாக்கியது. 1981இல் ஒரு கட்டடத்தைக் கொளுத்த முடிந்தது. பல நாடுகளில் பல கணனிகளில் இருக்கும் பிரதிகளை அப்படிக் கொளுத்த முடியாது.

ஆனால் எங்கள் வீடுகளின் நிலை என்ன? ஈஸ்ற்ஹாமிலும் ஹரோவிலும் ரூற்றிங்கிலும் அலுமாரிகளுக்குள் இன்னும் ஒற்றைப் பிரதிகள் கிடக்கின்றன. அம்மம்மா ஊரிலிருந்து பேசி அனுப்பிய கசெற், இடிந்துபோன வீட்டின் ஒரேயொரு படம், மூடப்பட்ட பள்ளிக்கூடத்தின் மலர். கசெற்றின் நாடா பழுதாகிறது. அதைப் போட்டுக் கேட்கும் கருவியே அருகிவிட்டது. படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்களும் குறைந்து வருகிறார்கள்.

ஆகவே நேயர்களுக்கு என் வேண்டுகோள் இது. முதலில் கணனியில் ஏற்றுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஆளின் பெயர், ஊர், வருடம் தெரியும்படி பெயர் வையுங்கள். பிறகு மூன்று பிரதிகள் வைத்திருங்கள். அதில் ஒன்று வேறு வீட்டில், முடிந்தால் வேறு நாட்டில் இருக்கட்டும். தானாக ஒத்திசையும் வசதியை மட்டும் நம்ப வேண்டாம். ஓரிடத்தில் தவறி அழித்தால் மற்ற இடத்திலும் அழிந்துவிடக்கூடும். ஒரு பிரதியாவது தனியாக, இணைக்காமல் இருக்க வேண்டும்.

கட்டளை வரியைக் கண்டு பயப்படவும் தேவையில்லை. பல்கலைக்கழகத்தில் கணனி படிக்கும் மகனோ பேத்தியோ அதை ஒரு நிமிடத்தில் எழுதிவிடுவார்கள். ஆனால் படத்தில் நிற்பது யார் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து செய்தால், அந்தக் கதையும் சேர்ந்து பிரதியாகும்.