தரவு மையங்களின் மின்சாரமும் தண்ணீரும்

தரவு மையம் என்பது ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி வைத்து இரவு பகலாக ஓட்டும் கட்டடம். உள்ளே போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகிவிடும். அந்த வெப்பத்தை வெளியேற்ற மேற்கொண்டு மின்சாரம் வேண்டும், அல்லது தண்ணீர் வேண்டும்; பல இடங்களில் இரண்டும் வேண்டும். ஏஐ எனப்படும் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகுதான் இந்தச் செலவு ஊரறிந்த விவகாரமாயிற்று. ஆனால் கணினி பிறந்த நாளிலிருந்தே அது கூடவே வந்திருக்கிறது. அதன் வரலாற்றில் பொறியியலுக்கு எவ்வளவு பங்கோ, கணக்கெழுதும் முறைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. எது அளக்கப்பட்டதோ அது குறைந்தது; அளக்கப்படாத இடத்துக்குச் செலவு நகர்ந்துகொண்டது.

வால்வு முதல் சிப் வரை

1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. அது ஏறக்குறைய 150 கிலோவாட் மின்சாரம் இழுத்தது. 1960களிலிருந்து ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய கணினிகள் சிலவற்றுக்குள் குளிர்நீர்க் குழாய்களையே ஓடவிட்டது. 1990களில் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சீமாஸ் வகைச் சிப்கள் வந்ததும் அந்தக் குழாய்கள் கழற்றப்பட்டன, ஏ.சி. காற்றே போதும் என்றாயிற்று.

அதே நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் சக ஆய்வாளர்களும் 1974இல் ஒரு விதியை வகுத்திருந்தார்கள். டிரான்சிஸ்டரின் பரப்பைக் குறைத்தால் அதன் மின்தேவையும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே ஒரே பரப்புள்ள சிப்பில் எத்தனை டிரான்சிஸ்டர்களைத் திணித்தாலும் சூடு ஏறாது. சுமார் முப்பது ஆண்டுகள் கணினித்துறை இந்த விதியின் தயவில் வளர்ந்தது. 2005ஐ ஒட்டி அது பொய்க்கத் தொடங்கியது. வேகம் வேண்டுமானால் அதற்குரிய சூட்டையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற காலம் பிறந்தது.

பொய்த்த பயமும் முதல் கணக்கும்

1999இல் ஃபோர்ப்ஸ் இதழில் பீட்டர் ஹூபரும் மார்க் மில்ஸும் எழுதிய கட்டுரை, இணையத்துக்காக இனி நிறைய நிலக்கரி தோண்ட வேண்டியிருக்கும் என்றது. அமெரிக்க மின்சாரத்தில் 8 சதவீதத்தை இணையம் விழுங்குவதாகவும், விரைவில் அது பாதியை எட்டும் என்றும் அவர்கள் கணித்தார்கள். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தின் ஜானதன் கூமியும் சகாக்களும் அந்த எண்ணை எடுத்துச் சோதித்து, அது பல மடங்கு ஊதிப் பெருக்கப்பட்டது என்று காட்டினார்கள். சின்னச் சண்டைதான். ஆனால் பிற்காலத்தில் யார் எச்சரித்தாலும் இந்தப் பழைய கதையைக் காட்டி வாயடைப்பது துறைக்கு வசதியாகப் போயிற்று.

2007இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கைதான் முதல் பெரிய அரசுக் கணக்கு. 2006இல் அந்நாட்டுத் தரவு மையங்கள் 6,100 கோடி யூனிட் மின்சாரம், அதாவது நாட்டின் மொத்தத்தில் 1.5 சதவீதம், செலவிட்டதாகவும், ஐந்தாண்டுகளில் அது இரட்டிப்பாகலாம் என்றும் அது சொன்னது. இரட்டிப்பாகவில்லை. 2008இன் பொருளாதாரச் சரிவும், ஒரே கணினியைப் பல கணினிகள் போலப் பிரித்து ஓட்டும் உத்தியும் வேகத்தைத் தணித்தன.

அதே 2007இல் ‘கிரீன் கிரிட்’ என்ற தொழில் கூட்டமைப்பு பி.யூ.இ. என்ற அளவையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. கட்டடம் மொத்தமாக வாங்கும் மின்சாரத்தை, கணினிகளுக்கு மட்டும் போகும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது பி.யூ.இ. விடை 2 என்றால், கணினிக்கு ஒரு யூனிட் போகும்போது குளிரூட்டல் முதலிய பக்கச் செலவுகளுக்கு இன்னொரு யூனிட் போகிறது. அந்நாளில் 2க்கு மேல் இருப்பது சகஜம். கூகுள் இன்று தன் மையங்களில் சராசரியாக 1.1ஐ ஒட்டி நிறுத்தியிருக்கிறது. உண்மையான சாதனை, மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த அளவைக்குத் தண்ணீர் தெரியாது. பெரிய ஏ.சி. கம்ப்ரசர்களை நிறுத்திவிட்டு, தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கோபுரங்களை வைத்தால் மின்சாரம் மிச்சமாகும், பி.யூ.இ. இறங்கும், பாராட்டும் கிடைக்கும். ஆவியான தண்ணீர் எந்தக் கணக்கிலும் வராது. உள்ளே ஓடும் கணினி செய்கிற வேலை தேவைதானா என்ற கேள்வியும் அதில் இல்லை. தண்ணீருக்கென்று ஓர் அளவையை அதே கூட்டமைப்பு 2011இல் வெளியிட்டது. அதைத் தேடி யாரும் ஓடவில்லை.

தி டேல்ஸ்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் தி டேல்ஸ். 1957இல் அங்கே எழுந்த அணை, பூர்வகுடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சால்மன் மீன் பிடித்துவந்த செலிலோ அருவியை மூழ்கடித்தது. ஆற்றின் மலிவான நீர்மின்சாரத்தை நம்பி அப்பகுதியில் அலுமினிய உருக்காலைகள் நடந்தன. உருக்காலைகள் ஓய்ந்தபின் அதே மின்சாரத்தைத் தேடி வந்தது கூகுள். ‘டிசைன் எல்.எல்.சி.’ என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்து இடம் பிடித்து, 2006இல் அந்த நிறுவனம் சொந்தமாகக் கட்டிய முதல் பெரிய தரவு மையங்களுள் ஒன்றை அங்கே திறந்தது.

2021இல் மேலும் இரண்டு மையங்கள் கட்டும் திட்டம் வந்தது. கூகுள் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ‘தி ஆரிகோனியன்’ நாளிதழ் கேட்டது. அது வியாபார ரகசியம் என்றது நகராட்சி. வெளியிடத்தான் வேண்டும் என்று மாவட்ட வழக்கறிஞர் உத்தரவிட்டதும், நகராட்சி பத்திரிகையின் மீதே வழக்குப் போட்டது. வழக்குச் செலவை ஏற்றுக்கொண்டது கூகுள். ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்து 2022 டிசம்பரில் சமரசமானபோது எண் வெளியே வந்தது: 2021இல் சுமார் 134 கோடி லிட்டர். ஊர் முழுவதும் செலவான தண்ணீரில் கால் பங்குக்கும் மேல். ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய மூன்று மடங்கு உயர்வு. பக்கத்துப் பழத்தோட்ட விவசாயிக்கு இந்த அளவு பெரிதா சிறிதா என்பது விவாதத்துக்குரியது. பொதுக் குழாயில் வரும் தண்ணீரின் அளவை அறிய ஊர்க்காரர்கள் வழக்கு முடியும்வரை காத்திருந்ததுதான் விநோதம்.

அசையாத பத்தாண்டு

2010க்கும் 2018க்கும் இடையில் உலகத் தரவு மையங்களின் கணிப்பு வேலை 550 சதவீதம் உயர்ந்தது. மின்செலவோ வெறும் 6 சதவீதம்தான் கூடியது. எரிக் மசானெட்டும் கூமி உள்ளிட்ட சகாக்களும் 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது. அலுவலகங்களின் மூலையறைகளில் அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் நின்று, வேலை பெரிய நிறுவனங்களின் சிக்கனமான மையங்களுக்கு மாறியது முக்கியக் காரணங்களுள் ஒன்று. அது ஒருமுறை மட்டுமே கிடைக்கும் லாபம்.

இந்தக் காலத்தில்தான் கரி உமிழ்வுக் கணக்கிலும் ஒரு சாமர்த்தியம் புகுந்தது. கிரீன்பீஸ் அமைப்பு நிலக்கரி மின்சாரத்தை விடச் சொல்லி ஃபேஸ்புக்கை நெருக்கியது. அந்நிறுவனம் 2013இல் சுவீடனின் லூலியோவில் நீர்மின்சாரத்தில் ஓடும் மையத்தைத் திறந்தது. மற்ற இடங்களில் நிறுவனங்கள் ஆண்டு முழுவதும் எரித்த மின்சாரத்துக்கு நிகராகக் காற்றாலை, சூரிய மின்சாரத்தை வாங்கியதாகக் காட்டி, நூறு சதவீதம் பசுமை என்று அறிவித்தன. 2017இல் கூகுள் அந்த இலக்கைத் தொட்டது. மதியம் எங்கோ விளைந்த சூரிய மின்சாரம் நள்ளிரவில் வேறெங்கோ எரிந்த நிலக்கரியை ஏட்டில் மட்டுமே அழிக்கும். இந்த ஓட்டையைக் கூகுளே உணர்ந்து, மணிக்கு மணி தூய மின்சாரம் என்ற கடினமான இலக்கை 2020இல் வகுத்துக்கொண்டது. ஆனால் 2023இல் அதன் மொத்த உமிழ்வு 2019ஐவிட 48 சதவீதம் அதிகமாக இருந்தது. காரணங்களுள் ஒன்றாகத் தரவு மையங்களின் மின்செலவை அதன் அறிக்கையே குறிப்பிட்டது.

ஏஐ காலம்

2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ்நெட் என்ற பட அடையாள மாடல், வீடியோ விளையாட்டுக்கான இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளில் ஒரு வாரத்துக்குள் பயிற்சி பெற்றது. 2020இல் வெளியான ஜிபிடி-3ஐப் பயிற்றுவிக்க ஏறக்குறைய 12.87 லட்சம் யூனிட் மின்சாரம் ஆனதாகவும், 552 டன் கரியமில வாயு வெளிப்பட்டதாகவும் மறு ஆண்டில் கூகுள், பெர்க்லி ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அதற்கு முன் 2019இல் எம்மா ஸ்ட்ரூபெல் குழு வெளியிட்ட ஆய்வு, மாடல் வடிவமைப்புத் தேடல் ஒன்றின் உமிழ்வு ஐந்து கார்களின் ஆயுட்கால உமிழ்வுக்குச் சமம் என்று கணித்திருந்தது. அந்தக் குறிப்பிட்ட எண் 88 மடங்கு மிகை என்று அதே கூகுள் கட்டுரை வாதிட்டது. தவறியது எண்தான்; கேட்டது சரியான கேள்வி. உள்விவரம் தெரிந்தவர்கள் அதுவரை வாய் திறக்காததால்தான் வெளியே இருந்தவர்கள் ஊகிக்க நேர்ந்தது.

சிப்பின் சூடும் ஏறிக்கொண்டே வந்தது. என்விடியாவின் ஏ100 சிப் 400 வாட் இழுத்தது. எச்100 அதிகபட்சம் 700 வாட். அடுத்து வந்த பிளாக்வெல் வகைச் சிப்கள் 72ஐ அடைத்த ஓர் அலமாரிக்குச் சுமார் 120 கிலோவாட் வேண்டும். எனியாக்கின் பசிக்கு அது சற்றே குறைவு. இந்தச் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போக முடியாது. 1990களில் கழற்றி எறிந்த குழாய்கள் இப்போது சிப்பின் தலைமேலேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் குழாய்க்குள் சுழலும் நீர் வீணாவதில்லை. சூடு கட்டடத்தை விட்டு எப்படி வெளியேறுகிறது, ஆவியாகவா காற்றாகவா என்பதில்தான் தண்ணீர்ச் செலவு அடங்கியிருக்கிறது.

அயோவா மாநிலத்தின் வெஸ்ட் டி மொய்னில், ஓப்பன் ஏஐயின் ஜிபிடி-4 உருவான மைக்ரோசாஃப்ட் மையங்களுக்கு 2022 ஜூலை ஒரே மாதத்தில் 4.3 கோடி லிட்டர் தண்ணீர் போனது. அந்த வட்டாரத்தில் செலவான மொத்தத் தண்ணீரில் அது சுமார் 6 சதவீதம்.

ஒரு கேள்விக்கு எவ்வளவு செலவு என்பதைச் சொல்ல நிறுவனங்கள் 2025இல்தான் முன்வந்தன. தன் ஜெமினி மாடலிடம் எழுத்தில் கேட்கும் ஒரு நடுத்தரக் கேள்விக்கு 0.24 வாட் மணி மின்சாரமும் 0.26 மில்லிலிட்டர் தண்ணீரும் ஆவதாகக் கூகுள் கூறியது. ஒரு பக்க அளவு பதிலுக்கு 45 மில்லிலிட்டர் என்றது பிரான்ஸின் மிஸ்ட்ரல். இரண்டுக்கும் நூற்றெழுபது மடங்கு இடைவெளி! இரண்டும் பொய்யல்ல. மாடல் வேறு, பதிலின் அளவு வேறு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கணக்கின் எல்லை வேறு. கூகுள் தன் வேலிக்குள் செலவான தண்ணீரை மட்டும் எண்ணியது. மின்நிலையம் குடித்ததை எண்ணவில்லை.

கம்பியின் மறுமுனை

2024இல் உலகத் தரவு மையங்கள் அனைத்தும் சேர்ந்து 41,500 கோடி யூனிட், அதாவது உலக மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதம், செலவிட்டதாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டது. 2030இல் அது 94,500 கோடியைத் தொடும் என்பது அதன் கணிப்பு. ஒன்றரை சதவீதம் என்றதும் பலர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் இந்தச் சுமை பரவலாக விழுவதில்லை, குவிந்து விழுகிறது. அயர்லாந்தில் 2015இல் 5 சதவீதமாக இருந்த பங்கு 2023இல் 21 ஆயிற்று; அந்நாட்டு நகர வீடுகள் அனைத்தும் சேர்ந்து எரித்ததைவிட அது அதிகம். நிலமும் மின்சாரமும் குறைந்த சிங்கப்பூர் 2019 முதல் மூன்றாண்டுகளுக்குப் புது மையங்களை நிறுத்திவைத்தது.

குவிப்பின் உச்சம் அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா. 1990களில் இணையப் போக்குவரத்து கூடும் சந்திப்பு அங்கே அமைந்தது. அதை ஒட்டியே மையங்கள் முளைத்தன. 2023இல் அம்மாநில மின்சாரத்தில் சுமார் கால் பங்கு அவற்றுக்குப் போனது. 2024 ஜூலையில் ஓர் உயரழுத்தக் கம்பியில் ஏற்பட்ட கோளாறால் சுமார் 60 மையங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மின்தொகுப்பை விட்டுச் சொந்த ஜெனரேட்டருக்குத் தாவின. 1,500 மெகாவாட் சுமை திடீரென்று காணாமல் போயிற்று. மின்சாரம் போதாமல் தொகுப்பு சரிவது பழைய கதை. வாங்குபவர் ஒட்டுமொத்தமாக எழுந்து போவதால் ஆட்டம் காண்பது புதியது. அதே மாதம், அப்பகுதியை உள்ளடக்கிய பி.ஜே.எம். மின்தொகுப்பில் மின்திறனுக்கான ஏலவிலை, மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 29 டாலரிலிருந்து 270 டாலராக எகிறியது. அடுத்த ஆண்டு 329. இந்த விலை வீட்டு மின்கட்டணத்திலும் வந்து சேரும்.

மின்சாரத்துக்கான இந்தப் பசி, மூடிய அணு உலைகளையும் எழுப்புகிறது. 1979 விபத்தால் பெயர்பெற்ற மூன்று மைல் தீவில், விபத்தில் சிக்காமல் 2019 வரை ஓடிய உலையின் மின்சாரத்தை இருபதாண்டுகளுக்கு வாங்க மைக்ரோசாஃப்ட் 2024இல் ஒப்பந்தம் செய்தது. ஈலான் மஸ்கின் எக்ஸ்ஏஐ காத்திருக்கவேயில்லை. மெம்ஃபிஸ் நகரின் பழைய தொழிற்சாலை ஒன்றில் 2024இல் கொலோசஸ் மையத்தைத் தொடங்கி, வளாகத்திலேயே எரிவாயு டர்பைன்களை நிறுத்தி ஓட்டியது. விடுதலை பெற்ற அடிமைகள் உருவாக்கிய பாக்ஸ்டவுன் குடியிருப்பு அருகே இருக்கிறது. அனுமதியின்றி டர்பைன்கள் ஓடுவதாக மக்கள் அமைப்புகள் போராடிக்கொண்டிருக்க, 15 டர்பைன்களுக்கு மட்டும் 2025 ஜூலையில் உள்ளூர் சுகாதாரத் துறை அனுமதி வழங்கியது.

கடலடி இணையக் கம்பிகள் கரையேறும் சென்னையும் இந்த வரிசையில் இருக்கிறது. தமிழ்நாடு 2021இல் தரவு மையங்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது; சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் மையங்கள் எழுந்துள்ளன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலைகள் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் அதே ஆண்டில் இயங்கத் தொடங்கின. குளிரூட்டலுக்கு அந்தத் தண்ணீர்தான் என்று விதி வகுக்க இங்கே வழி இருக்கிறது.

2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக், குறைந்த செலவில் தயாரான மாடல் என்று தன்னுடையதை முன்வைத்தபோது மின் நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன. மைக்ரோசாஃப்டின் சத்யா நாதெல்லா உடனே ஜெவான்ஸ் முரணை நினைவூட்டினார். நீராவி எந்திரம் சிக்கனமானபோது நிலக்கரிச் செலவு குறையவில்லை, ஏறியது என்று 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ் எழுதியது அது. விற்பவருக்கு அது நற்செய்தியாகப் பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

500 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மையங்கள் தங்கள் மின்சாரம், தண்ணீர் விவரங்களை ஆண்டுதோறும் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் செய்துள்ளது. முதல் விவரங்கள் 2024 செப்டம்பரில் கேட்கப்பட்டன. பொதுமக்கள் பார்வைக்கு வருவது தொகுத்த எண்கள் மட்டுமே. எந்த மையம் எவ்வளவு எடுத்தது என்பது ரகசியமாகவே வைக்கப்படுகிறது.